தாழைக்கோழி கழுவிய முட்டைகள்

கொக்குமடைக் கண்மாயில் ஒரு முக்குளிப்பான் நான்கு முட்டைகளோடு தனியாக இருந்தது.

முக்குளிப்பான் சின்னப் பறவை. பார்த்தால் வாத்துக் குஞ்சு என்றுதான் நினைப்பீர்கள். ஆபத்து வந்தால் அது பறக்காது, முங்கிவிடும். இங்கே முங்கி எங்கேயோ எழும். அடைகாப்பதை ஆணும் பெண்ணும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது அந்த இனத்தின் பழக்கம். இந்த முக்குளிப்பானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முட்டையிட்ட சில நாட்களில் யாரோ கோரைக்குள் மீன்வலை கட்டிவிட்டுப் போனார்கள். இரை தேடி முங்கிய அதன் துணை திரும்ப எழவில்லை.

அதனால் பசித்தால் அது முட்டைகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போவதற்கு முன் அழுகிய பாசியையும் ஈரக் கோரையையும் அலகால் இழுத்துப் போட்டு முட்டைகளை மூடும். மூடிய பிறகு அது கூடு என்றே தெரியாது. தண்ணீரில் ஒதுங்கிய குப்பை போலக் கிடக்கும். தாழப் பறந்து வரும் பூனைப்பருந்தின் கண்ணுக்கும் குப்பைதான். மார்கழிக் குளிரில் அந்த அழுகலுக்குள் ஒரு கதகதப்பும் இருக்கும்.

இதை முக்குளிப்பான் யாரிடமும் சொன்னதில்லை. குஞ்சு பொரிக்கும்வரை முட்டையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அதன் குலத்துக் கட்டுப்பாடு. கண்மாயில் பேசிய பேச்சு காற்றோடு பருந்தின் காதுக்கும் போய்விடும் அல்லவா?

பக்கத்துக் கோரையில் ஒரு தாழைக்கோழி குடியிருந்தது. நெற்றியில் சிவப்பு, காலில் பச்சை, நெஞ்சில் பயம். இலை அசைந்தால்கூட வாலை ஆட்டிக்கொண்டு கோரைக்குள் ஓடிவிடும். ஆனால் மனசு தங்கம். முக்குளிப்பான் என்றால் அதற்கு உயிர். தாழைக்கோழிகளின் வீட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. துக்கப்பட்டவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது, கேட்காமலே போய் அவர்கள் வேலையைச் செய்துகொடுக்க வேண்டும்.

முட்டைகள் மேல் கிடந்த அழுகல் பாசியைத் தாழைக்கோழி தினமும் பார்த்தது. "பாவம், மச்சான் போனதிலிருந்து அக்காவுக்கு வீட்டைக் கூட்டக்கூட மனசில்லை" என்று நினைத்துக்கொண்டது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பள்ளிக்கூடக் கூரையில் வசித்த மைனா பறந்து வந்தது.

"ஏய், சேதி தெரியுமா? அரையாண்டு லீவு விட்டாச்சு! நாளைக்குக் காலையில டவுன் ஆளுக வர்றாக! கரை மேலயே நடந்து நம்மள எல்லாம் பாக்கப் போறாகளாம்!"

கண்மாய் பரபரத்தது. நாமக்கோழி உடனே கூட்டம் போட்டது. அதற்கு உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். அதைத் தலைவர் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிய அதிகாரி வருகிறார் என்றால் ஓர் ஊர் என்ன செய்யும்? வருஷம் முழுக்க நாறிய சாக்கடையின் ஓரத்தில் அன்றைக்கு மட்டும் வெள்ளைப் பவுடர் கோடு போடும். கண்மாயும் அதைத்தான் செய்யக் கிளம்பியது.

"கண்மாய் கண்ணாடி மாதிரி இருக்கணும்!" என்றது நாமக்கோழி. "செத்த மீனு, உடைஞ்ச நத்தை ஓடு, ஒண்ணும் கண்ணுல படக் கூடாது! மடைக்கு நேரா எல்லாரும் வரிசையா நிக்கணும்!"

"போன வருசம் என்னைய யாருமே பாக்கல, மாமா" என்று குறைப்பட்டது கரண்டிவாயன்.

"நீ பாட்டுக்கு அலகைச் சேத்துக்குள்ள விட்டுக்கிட்டு நின்னா எப்படிப்பா தெரியும்? கரண்டியைத் தூக்கிக் காட்டணும்!" என்றது பாம்புத்தாரா.

"உன்னைய மாதிரி ரெக்கையை விரிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா? தூரத்துல இருந்து பாத்தா யாரோ கிழிஞ்ச குடையைக் காயப் போட்ட மாதிரி இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நாமக்கோழி தொண்டையைச் செருமியது. அதன் பார்வை முக்குளிப்பான் பக்கம் திரும்பியது.

"ஏத்தா முக்குளி! மடைக்கு நேரா அது என்ன குப்பை?"

"என் வீடு, மாமா."

"வீடா? நான் எவனோ எருக்குழியைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டுட்டான்னு நெனச்சேன்!"

மறுபடியும் சிரிப்பு. தாழைக்கோழி மட்டும் சிரிக்கவில்லை.

"விடியறதுக்குள்ள அதைச் சுத்தம் பண்ணிரு" என்றது நாமக்கோழி.

"முடியாது, மாமா."

"ஏன் முடியாது?"

முக்குளிப்பான் வாயைத் திறந்தது. குலத்துக் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது.

"அது அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முங்கிவிட்டது.

"பாத்தீகளா மரியாதையை? பேசிக்கிட்டு இருக்கும்போதே முங்குறா!"

"மாமா, மனசு ஒடிஞ்சு கிடக்கிறவளை ஏன் நோண்டுறீக?" என்று தாழைக்கோழி குறுக்கே வந்தது. "அதை நான் பாத்துக்கிறேன். அக்காவை ஒண்ணும் சொல்லாதீக."

"நீ பொறுப்பெடுத்தாச் சரி" என்று நாமக்கோழி கூட்டத்தைக் கலைத்தது.

அன்று சாயங்காலம் தாழைக்கோழி கூட்டுப் பக்கம் இரண்டு தடவை போனது. முக்குளிப்பான் முட்டைகள் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கேட்கலாமா? கேட்டால் "வேண்டாம்டி, உனக்கெதுக்குச் சிரமம்" என்று அக்கா சொல்லிவிடுவாள். தவிர, துக்கப்பட்டவளிடம் கேள்வி கேட்பது முறையா? தாழைக்கோழி திரும்பிப் போய்விட்டது. கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பொழுது விடிந்தது. கண்மாய் மேல் பனி வெள்ளைத் துணி போலக் கிடந்தது. மடை ஓரத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறேன் என்று நாமக்கோழியும் அதன் இனத்தாரும் கலக்கோ கலக்கு என்று கலக்கி வைத்திருந்தன. அந்தக் கலங்கலில் முக்குளிப்பானுக்கு ஒரு மீனும் தட்டுப்படவில்லை. அது வழக்கம்போல முட்டைகளை மூடியது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு இரை தேடித் தென்கரை ஆழத்துக்குப் போனது.

தாழைக்கோழி இதற்காகத்தான் காத்திருந்தது. விறுவிறுவென்று கூட்டில் ஏறியது. அழுகிய பாசியை அலகால் கவ்விக் கவ்வித் தண்ணீரில் எறிந்தது. அது அலையில் மிதந்து போய்விட்டது. உள்ளே முட்டைகள் கறை ஏறிப் பழுப்பாகக் கிடந்தன.

"அடடா! என் தங்கங்களா! உங்களையும் குளிப்பாட்டலையா?"

அலகில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றி, இளங்கோரைத் தாளால் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது. உருட்டும்போது ஒரு முட்டை நழுவி இன்னொன்றின் மேல் இடித்தது. "டக்" என்று சின்னச் சத்தம். தாழைக்கோழி குனிந்து பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது. கடைசியில் பச்சைப் புல்லை வட்டமாகப் பரப்பி, நடுவில் நான்கையும் வைத்தது. முட்டைகள் வெள்ளை வெளேரென்று பளபளத்தன.

தாழைக்கோழி எட்ட நின்று பார்த்துப் பூரித்துப் போனது. அக்கா வந்து பார்த்தால் ஒரு தடவையாவது சிரிப்பாள். துணை போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பையே பார்க்கவில்லையே.

மடைக்கு நேராக எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கரண்டிவாயன் அலகைத் தூக்கிப் பிடித்தது. பாம்புத்தாரா சிறகை விரித்தது. நாமக்கோழி முன்னால் நின்று நாமத்தைத் தண்ணீரில் சரிபார்த்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு நிழல் வந்தது.

"பூனைப்பருந்து!" என்று மைனா கத்தியது.

பூனைப்பருந்து வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வரும் பறவை. உயரத்தில் பறக்காது. கோரையின் தலையை உரசிக்கொண்டு சத்தமில்லாமல் வரும். வரிசை சிதறியது. முதலில் ஓடியது யார் என்று கேட்காதீர்கள். அதன் நெற்றியில் நாமம் இருந்தது.

தாழைக்கோழியும் பழக்கத்தில் கோரைக்குள் பாய்ந்துவிட்டது. பாய்ந்த பிறகுதான் கவனித்தது. பருந்து யாரையும் துரத்தவில்லை. அது காற்றில் நின்று தலையைத் திருப்பியது. கூட்டைப் பார்த்தது. இத்தனை நாள் அந்த இடத்தைக் கடந்து போன பருந்துதான். இன்றைக்குத்தான் நிற்கிறது.

தாழைக்கோழிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயோ! அது குப்பையே இல்லை!"

மூட வேண்டும். எதை வைத்து மூடுவது? பாசி கண்மாயின் நடுவுக்குப் போய்விட்டது. தாழைக்கோழி ஒரு கணம் கோரையைப் பார்த்தது. கோரைக்குள் இருந்தால் அதற்கு ஒன்றும் வராது. மறுகணம் ஓடிப் போய் முட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து சிறகை விரித்தது.

பருந்து கூட்டுக்கு மேலே வந்து நின்றது.

"எழுந்திரு, கோழி."

"மாட்டேன்."

"உன்னைத் தூக்கிப் போக எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய்?"

"தூக்குறதா இருந்தாத் தூக்கு."

"இவை உன் முட்டைகளா?"

"இல்லை."

பருந்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பிறகு உனக்கென்ன வந்தது?"

"நான்தான் தொறந்து வச்சேன்" என்றது தாழைக்கோழி.  அதன் உடம்பு நகரவில்லை.

பருந்து கால்களை நீட்டிப் பாய்ந்தது. முதுகில் நகம் இறங்கியது. இறகுகள் பிய்ந்து பறந்தன. தாழைக்கோழி கூட்டின் கோரைத்தாளை அலகால் இறுகக் கவ்விக்கொண்டது. பருந்து இழுத்தது. கோழி வரவில்லை. பருந்து மேலே எழும்பி, மறுபடி பாயத் திரும்பியது.

அப்போது கரையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும், ஜெசிந்தா? பைக்குள்ள இட்லி ஆறிப் போகுது."

"பறவை பாக்க வந்தீங்களா, இட்லி பாக்க வந்தீங்களா?"

தொப்பி வைத்த ஜெசிந்தா முன்னால் வந்தாள். பையைச் சுமந்துகொண்டு அவள் கணவன் அருளப்பன் வந்தான். பின்னால் அவர்கள் மகள் ஷைனியும் இன்னும் சிலரும் வந்தார்கள். மனிதர்களைக் கண்டதும் பருந்து சிறகைச் சாய்த்து வயல்பக்கம் போய்விட்டது.

விருந்தாளிகள் மடை மேல் வந்து நின்றார்கள். கண்மாயில் யாரும் இல்லை. வரிசையில் நிற்கப் பயிற்சி எடுத்த அத்தனை பேரும் எதிர்க்கரையில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு தாழைக்கோழி.

இலை அசைந்தால் ஓடும் தாழைக்கோழிக்கு இத்தனை மனிதர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழக்கமில்லை. அதன் வால் தானாக ஆடியது.  பருந்து எந்தப் பக்கம் காத்திருக்கிறதோ? ஆனாலும் தாழைக்கோழி முட்டைகளை விட்டு எழவில்லை.

"தாழைக்கோழி! கூட்டுல உக்காந்திருக்கு!" என்று ஜெசிந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா நல்லா விழும்" என்று அருளப்பன் மடைப் படியில் இறங்கினான்.

"அப்பா, போகாதீங்க" என்றாள் ஷைனி. "அதுக்கு முதுகுல ரத்தம் வருது."

ஜெசிந்தா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். 

"ஏறி வாங்க" என்றாள் கணவனிடம். "அடிபட்டும் அது எந்திரிக்கலைன்னா அடியில முட்டை இருக்கு. நாம நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் அதுக்கு வேதனை. வாங்க, வந்த வழியே போவோம்."

"இவ்வளவு தூரம் நடந்து வந்ததுக்கு ஒரு கோழிதானா?"

"ஒரு கோழிதான். வாங்க."

தாழைக்கோழியின் கூடு என்று அவர்கள் நினைத்தது தப்பு. ஆனால் திரும்பிப் போனது சரி.

அவர்கள் கரையில் மறைந்ததும் கூட்டின் ஓரத்தில் தண்ணீர் சின்னதாகச் சுழித்தது. முக்குளிப்பான் தலையைத் தூக்கியது. பருந்து பாய்ந்ததைத் தென்கரையிலிருந்தே பார்த்துவிட்டு, மூச்சடக்கி முங்கி வந்திருந்தது. மனிதர்கள் போகும்வரை அலகை மட்டும் வெளியே நீட்டிக் கோரைக்குள் கிடந்தது.

"எந்திரி" என்றது.

தாழைக்கோழி எழுந்தது.  முக்குளிப்பான் முட்டைகளைப் பார்த்தது. வெள்ளை வெளேரென்று நான்கு. அவற்றில் ஒன்றின் மேல் மயிரிழை போல ஒரு கீறல்.

"யாரு கேட்டா உன்னைய?"

"யாரும் கேக்கலைக்கா" என்றது தாழைக்கோழி. "நானும் கேக்கல."

 முக்குளிப்பான் முங்கிப் போய் அழுகிய பாசியைக் கவ்விக்கொண்டு வந்தது. தாழைக்கோழி விலகி நின்றது. இரண்டாவது தடவை பாசி கொண்டுவந்தபோது முக்குளிப்பான் தானாகவே பேசியது. குலத்துக் கட்டுப்பாடு அன்றைக்கு உடைந்தது.

"இது குப்பை இல்லடி. போர்வை. பருந்துக்குத் தெரியாம இருக்கணும். குளிரும் படக் கூடாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லியிருக்கு."

"துக்கத்துல இருக்கிறவுகளைக் கேக்கக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லியிருக்கு."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முக்குளிப்பானுக்குக் கோபம் இருந்தது. தோழியின் முதுகிலிருந்து வடியும் ரத்தமும் கண்ணில் பட்டது. கோபத்தை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

"இப்ப நான் என்ன செய்யட்டும்க்கா?" என்று கேட்டது தாழைக்கோழி.

"ஒண்ணும் செய்யாத. பக்கத்துல இரு. பருந்து வந்தா ஒரு சத்தம் குடு. அது போதும்."

அன்றிலிருந்து முக்குளிப்பான் இரைக்குப் போகும்போதெல்லாம் தாழைக்கோழி கூட்டுப் பக்கத்தில் காவல் நின்றது. ஒரு பாசியைக்கூடத் தொடவில்லை. எதிர்க்கரையிலிருந்து திரும்பி வந்த நாமக்கோழி, "ஆளுக வந்து பாத்தது உன்னைய மட்டும்தானாமே!" என்று பொருமியது.  தாழைக்கோழியின் கண் வானத்தில் இருந்தது.

தை பிறப்பதற்குள் முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். வரி வரியாக உடம்பு, சிவப்பு மூக்கு. வெளியே வந்ததும் அம்மாவின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் புகுந்துகொண்டு தலையை மட்டும் நீட்டின. கீறல் விழுந்த முட்டை பொரியவில்லை. முக்குளிப்பான் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தது. பிறகு அதை அலகால் மெல்லத் தண்ணீரில் தள்ளியது. அது மிதந்து கோரைக்குள் மறையும்வரை இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னாலதான்" என்றது தாழைக்கோழி.

"ஆமா" என்றது முக்குளிப்பான். "மத்த மூணும் உன்னாலதான்."

தாழைக்கோழி குஞ்சுகளைப் பார்த்தது. வயல் ஓரத்திலிருந்து பொறுக்கி வந்த நெல்மணியும் பச்சைத் துளிரும் அதன் அலகில் இருந்தன. ஊட்டப் போன தாழைக்கோழி சட்டென்று நின்றது. கொண்டுவந்ததைக் கீழே வைத்தது.

"அக்கா, பிள்ளைகளுக்கு என்ன வேணும்?"

"இறகு" என்றது முக்குளிப்பான்.

"இறகா? திங்கவா?"

"எங்க குலத்துல குஞ்சுக்கு மொதல்ல இறகுதான் ஊட்டணும். நாளைக்கு மீனைத் தின்னா முள்ளு வயித்துல குத்தாம அதுதான் மெத்தை மாதிரி தாங்கும். ஒரே ஆளா அத்தனையும் என்னால பிடுங்க முடியல."

 ஆயிரம் வருஷம் யோசித்திருந்தாலும் இது தாழைக்கோழிக்குத் தோன்றியிருக்காது. அது நெஞ்சிலிருந்து மிக மிருதுவான ஓர் இறகைப் பிடுங்கி, தண்ணீரில் நனைத்து, முதல் குஞ்சின் வாயருகே நீட்டியது. குஞ்சு இறகைக் கவ்வியது. தலையை ஆட்டி ஆட்டி விழுங்கியது.

"இன்னொண்ணு குடுக்கவாக்கா?"

"என்கிட்ட ஏன் கேக்குற? அவன்கிட்டக் கேளு!" என்று முக்குளிப்பான் சிரித்தது.

தாழைக்கோழி குனிந்து குஞ்சைக் கேட்டது. குஞ்சு வாயை அகலமாகத் திறந்தது.

எவ்வளவு அன்போடு உதவப் போனாலும், என்ன வேண்டும் என்று முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.